வீட்டு இணைய இணைப்புக்குப் புதிய பொது ஐபி முகவரி பெறுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

அக்கா மகன் ஒரு தேர்வுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தான். கடைசி நாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. விண்ணப்பத் தளம் திறக்கவில்லை. "உங்கள் ஐபி முகவரி தற்காலிகமாகத் தடுக்கப்பட்டுள்ளது" என்ற ஒற்றை வரிதான் வந்தது. இணையத்தில் தேடிக் கிடைத்த யோசனைகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்திருக்கிறான். கணினியில் சில கட்டளைகளைத் தட்டினான். கணினியை அணைத்து மறுபடி எழுப்பினான். கடைசியில் ரவுட்டரின் பின்பக்கத்துச் சிறு துளைக்குள் ஊசியை விட்டு அழுத்தினான். அதோடு இருந்த இணைப்பும் போய்விட்டது. "மாமா, நெட்டே வரவில்லை" என்று எனக்கு அழைப்பு வந்தது அப்போதுதான்.

அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐபி முகவரி என்பது இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண், வெளியுலகுக்குத் தெரிவதுதான் பொது முகவரி. எந்த முகவரியை மாற்றப் போகிறோம், அதைக் கொடுப்பது யார், எந்த முறையில் கொடுக்கிறார்கள் என்ற மூன்றையும் விளக்காமலே பல குறிப்புகள் நேராகச் செயலில் இறங்கச் சொல்கின்றன. இவற்றைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். தமிழ்நாட்டு வீடுகளில் இன்று பரவலாக இருக்கும் ஃபைபர் இணைப்பை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அடிப்படை எங்கும் ஒன்றுதான் என்பதால் வேறு ஊரில், வேறு நாட்டில் இருப்பவர்களுக்கும் உதவும்.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள்: ஊசித் துளையைத் தொடாதீர்கள். அது ரவுட்டரை அணைத்து எழுப்பும் பொத்தான் இல்லை. இணைப்புக்கான பயனர் பெயர், கடவுச்சொல், சேவை நிறுவனம் தன் வலையமைப்பில் உங்கள் இணைப்பைப் பிரித்தறிய இட்டு வைத்த விலேன் எண் ஆகிய எல்லாவற்றையும் அது அழித்துவிடும். பிறகு பெரும்பாலும் நிறுவனத்து ஊழியர் வந்தால்தான் இணையம் திரும்பும்.

முதல் படி: சிக்கல் முகவரியில்தான் இருக்கிறதா?

கைபேசியில் மொபைல் டேட்டாவைத் திறந்து, ஹாட்ஸ்பாட் வழியாக அதே மடிக்கணினியை இணையுங்கள். அதே பிரவுசரில், அதே கணக்கில், அதே தளத்துக்குப் போங்கள். வீட்டு இணைப்பும் கைபேசி சிம்மும் ஒரே நிறுவனத்துடையவை என்றால், வேறு நிறுவனத்து சிம் வைத்திருப்பவரிடம் ஹாட்ஸ்பாட் கேட்பது நல்லது.

ஹாட்ஸ்பாட்டில் தளம் ஒழுங்காகத் திறந்தால் வீட்டு முகவரியைச் சந்தேகிக்க நியாயம் இருக்கிறது. ஹாட்ஸ்பாட்டிலும் அதே தடை வந்தால் முகவரியை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இருக்காது. அந்தத் தளம் உங்கள் கணக்கையோ, பிரவுசரில் தான் சேமித்து வைத்த குக்கீகளையோ வைத்து உங்களை அடையாளம் காண்கிறது என்று கொள்ளலாம். குக்கீகளை அழித்துவிட்டுப் பாருங்கள். வேறு பிரவுசரில் திறந்து பாருங்கள். கணக்கே முடக்கப்பட்டிருந்தால் தளத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதுவதுதான் வழி.

ஊர் தவறாகக் காட்டுகிறது என்பதற்காகவும் சிலர் முகவரியை மாற்ற நினைக்கிறார்கள். தென்காசியில் உட்கார்ந்திருப்பவருக்குச் சென்னை வானிலையும் சென்னைக் கடை விளம்பரமும் வரும். ஐபி முகவரிக்குள் ஊர்ப்பெயர் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. எந்த முகவரித் தொகுதி எந்தப் பகுதியில் இருக்கிறது என்று சில தனியார் நிறுவனங்கள் கணித்துப் பட்டியல் வைத்திருக்கின்றன, தளங்கள் அந்தப் பட்டியலைத்தான் பார்க்கின்றன. கணிப்பு எவ்வளவு பிசகலாம் என்பதற்கு அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துப் பண்ணை வீடு ஒன்று சாட்சி. மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம், அமெரிக்காவில் எந்த ஊர் என்று தெரியாத முகவரிகளையெல்லாம் நாட்டின் நடுவில் இருந்த ஒரு புள்ளியில் குறித்து வைத்திருந்தது. அந்தப் புள்ளி அந்தப் பண்ணையில் விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அந்த வீட்டைச் சுட்டின. யார் யாரோ செய்த குற்றங்களுக்காகக் காவல்துறையினரும் கோபம் கொண்டவர்களும் ஆண்டுக்கணக்கில் அங்கே போய்க் கதவைத் தட்டினார்கள். 2016இல் செய்தி வெளியான பிறகுதான் அந்தப் புள்ளியை ஓர் ஏரிக்குள் நகர்த்தினார்கள். ஆகவே ஊர் தவறாகத் தெரிவதற்கு முகவரி மாற்றம் மருந்தில்லை. மாற்றினாலும் அதே தொகுதியிலிருந்து இன்னொன்று வரும், அதுவும் சென்னை என்றே காட்டும். தளத்தின் அமைப்புகளில் ஊரை நீங்களே குறிப்பிட்டால் போதும்.

இரண்டாம் படி: வெளி முகவரியையும் உள் முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முகவரியைக் குறித்து வைக்காமல் வேலையைத் தொடங்கினால், கடைசியில் அது மாறியதா என்றே தெரியாது.

வீட்டு வைஃபையில் இணைந்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, தேடுபொறியில் "என் ஐபி முகவரி என்ன" என்று கேளுங்கள். விபிஎன் (வேறொரு சர்வர் வழியாக இணையத்துக்குப் போகும் வசதி) செயலி இருந்தால் அதையும் அணைத்து வையுங்கள். ஐபோன், மேக் வைத்திருப்பவர்கள் ஐகிளவுட் பிரைவேட் ரிலேயை நிறுத்த மறக்காதீர்கள். அது இயங்கும்போது சஃபாரியில் தெரிவது உங்கள் வீட்டு முகவரியாக இருக்காது. 203.0.113.25 என்பதுபோல நான்கு எண்கள் புள்ளிகளால் பிரிந்து வந்தால் அது ஐபிவி4. முக்காற்புள்ளிகளுக்கு இடையே எண்ணும் எழுத்தும் கலந்து நீளமாக வந்தால் அது ஐபிவி6. இரண்டும் தெரிந்தால் இரண்டையும் தேதி, நேரத்தோடு எழுதுங்கள். இதுதான் உலகம் உங்களைப் பார்க்கும் முகவரி.

அடுத்தது ரவுட்டரின் நிர்வாகப் பக்கம். பிரவுசரின் முகவரிப் பட்டையில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இட்டால் பெரும்பாலான ரவுட்டர்கள் திறக்கும். ஜியோஃபைபர் பெட்டிக்கு அது 192.168.29.1. சரியான எண்ணும் நுழைவுக் கடவுச்சொல்லும் பெரும்பாலும் பெட்டியின் அடிப்பக்கத்து ஒட்டுச்சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே போனதும் 'வான்' அல்லது 'இன்டர்நெட்' நிலை என்ற பகுதியைத் தேடுங்கள். லேன் என்பது வீட்டுக்குள் இருக்கும் பக்கம், வான் என்பது வெளியே தெருவைப் பார்க்கும் பக்கம். வான் பகுதியில் உள்ள ஐபி முகவரியையும் இணைப்பு வகையையும் மேக் முகவரியையும் (ரவுட்டர் என்ற கருவிக்கே உரிய அடையாள எண், ஆப்பிளின் மேக் கணினிக்கும் இதற்கும் தொடர்பில்லை) தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்திலேயே, இருக்கும் அமைப்புகளை நகல் எடுத்துச் சேமிக்கும் வசதி இருந்தால் இப்போதே சேமித்து வையுங்கள்.

இப்போது இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள். வான் முகவரியும் தேடுபொறி காட்டிய முகவரியும் ஒன்றே என்றால், உங்கள் வீட்டுக்கென்று தனியாக ஒரு பொது முகவரி கிடைத்திருக்கிறது.

வான் முகவரி 100 என்று தொடங்கி, இரண்டாவது எண் 64 முதல் 127 வரை எதுவாக இருந்தாலும், நீங்கள் ஒண்டுக்குடித்தனத்தில் இருக்கிறீர்கள். ஒரே கதவு எண்ணுக்குள் பல குடும்பங்கள் வாழ்வதுபோல, ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகள் இருக்கின்றன. இதற்கு சிஜிநாட் என்று பெயர். 100.64 முதல் 100.127 வரையிலான தொகுதியை இந்தப் பயன்பாட்டுக்கென்றே 2012இல் ஒதுக்கினார்கள்.

வான் முகவரி 10 என்று தொடங்கினாலோ, 172.16க்கும் 172.31க்கும் இடையில் இருந்தாலோ பெரும்பாலும் அதுவும் ஒண்டுக்குடித்தனமே. 192.168 என்று தொடங்கினால் மட்டும் சற்று நிதானியுங்கள். கடையில் நீங்களே வாங்கி மாட்டிய ரவுட்டருக்கு மேலே, சுவரில் நிறுவனம் வைத்துவிட்டுப் போன ஃபைபர் பெட்டி இன்னொரு ரவுட்டராக வேலை செய்துகொண்டிருக்கலாம். அப்படியானால் உண்மையான வான் முகவரி அந்தப் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில்தான் இருக்கும்.

ஏன் இந்த ஒண்டுக்குடித்தனம்? ஐபிவி4 வரையறை 1981இல் வெளியானபோது முகவரிக்கு 32 பிட் (0, 1 என்ற இலக்கங்கள் 32) போதும் என்று முடிவு செய்தார்கள். மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள். கணினி அபூர்வமாக இருந்த அந்தக் காலத்தில் அது கடலளவு. உலக அளவில் மொத்தமாக ஒதுக்கும் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது. ஆசிய பசிபிக் பகுதிக்குப் பகிர்ந்து தரும் ஏப்னிக் அமைப்பு, அதே ஆண்டு ஏப்ரலில் தன் கடைசித் தொகுதியைத் தொட்டது. அதிலிருந்து அது சேவை நிறுவனங்களுக்குச் சிறு சிறு துண்டுகளையே அளந்து கொடுத்தது. இந்தியாவில் வீட்டு ஃபைபர் பெருகியது அதற்குப் பிறகுதான். தாமதமாகப் பந்திக்கு வந்தவர்களுக்கு இலை போதவில்லை.

மூன்றாம் படி: இணைப்பு வகையைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுங்கள்

வான் பகுதியில் இணைப்பு வகை என்ற இடத்தில் பிபிபிஓஇ, டிஎச்சிபி, ஸ்டாட்டிக் என்ற மூன்றில் ஒன்று இருக்கும். ஸ்டாட்டிக் என்றால் நிலையான முகவரி. நிறுவனத்திடம் கேட்காமல் அது மாறாது, நேராக ஐந்தாம் படிக்குப் போய்விடுங்கள்.

பிபிபிஓஇ இணைப்பு

பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும் முறை இது. பிஎஸ்என்எல் ஃபைபரில் பரவலாகக் காணலாம், பகுதி கேபிள் ஆபரேட்டர்கள் கொடுக்கும் இணைப்புகளிலும் அடிக்கடி இருக்கும். ரவுட்டர் நிறுவனத்தின் சர்வரை அழைத்துத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. சர்வர் தன் கையிருப்பிலிருந்து ஒரு முகவரியை எடுத்துக் கொடுக்கிறது. தொடர்பு முடிந்தால் அந்த முகவரி கையிருப்புக்குத் திரும்பும். அடுத்த முறை அழைக்கும்போது பெரும்பாலும் வேறொன்று கிடைக்கும். ஜெர்மனியில் நீண்ட காலம் வீட்டு இணைப்புகளை 24 மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுவனமே துண்டித்து மறுபடி இணைக்கும் வழக்கம் இருந்தது. அங்கே தினமும் காலையில் வீட்டு முகவரி புதிதாக இருக்கும்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது துண்டித்து இணைப்பது மட்டும்தான். வான் பகுதியில் துண்டிக்கும் பொத்தான் இருந்தால் அதையே அழுத்துங்கள். மின்சாரத்தை நிறுத்துவதைவிட அது மேலானது. பொத்தானை அழுத்தும்போது ரவுட்டர் "நான் போகிறேன்" என்று சர்வருக்குச் சொல்லிவிட்டுப் போகிறது. சர்வர் உடனே முகவரியைத் திரும்பப் பெறுகிறது. மின்சாரத்தை மட்டும் நிறுத்தினால், நீங்கள் போனது சர்வருக்குத் தெரியாது. சில முறை குரல் கொடுத்துப் பார்த்து, பதில் வராத பிறகுதான் தொடர்பை முடிக்கும். அதற்குள் ரவுட்டர் எழுந்து அழைத்துவிட்டால் சில வேளைகளில் இணைப்பு மறுக்கப்படலாம், அல்லது பழைய முகவரியே வரலாம்.

துண்டித்த பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். காப்பி குடித்துவிட்டு வந்து இணையுங்கள். தேடுபொறியில் முகவரியைப் பாருங்கள். மாறவில்லை என்றால் இன்னும் இரண்டு முறை, இடைவெளியைக் கூட்டி முயன்று பாருங்கள். அதற்குப் பிறகும் அதே எண் வந்தால், நிறுவனம் உங்கள் பயனர் பெயரோடு அந்த முகவரியைக் கட்டி வைத்திருக்கிறது என்று கொள்ளலாம்.

டிஎச்சிபி இணைப்பு

இங்கே பயனர் பெயர் கேட்பதில்லை. ரவுட்டர் எழுந்ததும் "எனக்கு ஒரு முகவரி வேண்டும்" என்று கேட்கும், சர்வர் ஒன்றைக் குத்தகைக்குக் கொடுக்கும். குத்தகைக்குக் காலம் உண்டு. பாதிக் காலம் கழிந்ததும் ரவுட்டரே புதுப்பித்துக்கொள்ளும். இப்படித் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே போவதால் மாதக்கணக்கில் ஒரே முகவரி தங்கிவிடும். நீங்கள் அணைத்து எழுப்பினாலும், அந்த முகவரியை வேறு யாருக்கும் கொடுக்காதவரை, பழையதையே திரும்பக் கொடுக்கும் வகையில்தான் டிஎச்சிபி விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. ரவுட்டரை ஐந்து நிமிடம் அணைத்துவிட்டு ஏமாந்தவர்கள் பலர் இந்த வகை இணைப்பில் இருப்பவர்கள்.

முதலில் வான் பகுதியில் 'ரிலீஸ்' என்ற பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை அழுத்திவிட்டு, குத்தகைக் காலம் எவ்வளவு என்று அதே பக்கத்தில் தெரிகிறதா பாருங்கள். அந்தக் காலத்தைவிடக் கூடுதல் நேரம் பெட்டியை அணைத்து வைப்பதுதான் நேர்மையான வழி. ஒரு மணி நேரக் குத்தகை என்றால் மதிய உணவு வேளை போதும். ஒரு நாள் என்றால் வீட்டார் வெளியூர் போகும் நாளில் செய்யுங்கள். அணைக்கும்போது ஃபைபர் பெட்டியையும் உங்கள் ரவுட்டரையும் சேர்த்தே அணையுங்கள். நம் வீடுகளில் ரவுட்டரை இன்வெர்ட்டரிலோ சிறு யுபிஎஸ்ஸிலோ மாட்டி வைப்பது வழக்கம். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு ரவுட்டர் அணைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், பெட்டியின் விளக்குகள் அணைந்ததா என்று கண்ணால் பாருங்கள்.

இரண்டாவது வழி, வான் பக்கத்து மேக் முகவரியை மாற்றுவது. பல சர்வர்கள் உங்களை அடையாளம் காண்பது இந்த எண்ணை வைத்துத்தான். புதிய எண்ணைக் கண்டதும் புதிய ஆள் என்று எண்ணிப் புதிய முகவரி கொடுக்கும். ரவுட்டரின் வான் அமைப்புகளில் 'மேக் குளோன்' என்ற பெயரில் இந்த வசதி இருக்கும். கடைசி இரண்டு இடங்களை மட்டும் மாற்றிச் சேமித்து, பெட்டிகளை அணைத்து எழுப்புங்கள். பழைய எண் உங்கள் தாளில் இருக்கட்டும். சில நிறுவனங்கள் பதிவு செய்த மேக் முகவரிக்கு மட்டுமே இணைப்புக் கொடுக்கும், அங்கே இணையம் நின்றுவிடும். பழைய எண்ணைத் திரும்ப இட்டால் சரியாகிவிடும். வேறு சில நிறுவனங்கள் மேக் முகவரியைப் பொருட்படுத்தாமல், உங்கள் ஃபைபர் நிறுவனத்துக் கருவியின் எந்தச் செருகுவாயில் போய்ச் சேர்கிறது என்பதை வைத்தே அடையாளம் காண்கின்றன. அங்கே இந்த வழியால் எதுவும் நடக்காது. நிறுவனம் கொடுத்த பெட்டியே ரவுட்டராகவும் இருந்தால் இந்த அமைப்பு பூட்டப்பட்டிருக்கலாம், அதை உடைக்க முயல வேண்டாம்.

விண்டோஸில் ஐபிகான்ஃபிக் கட்டளையால் முகவரியை விடுவித்துப் புதுப்பிக்கச் சொல்வார்கள். அக்கா மகன் தட்டியது அதைத்தான். உங்கள் மடிக்கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையிலுள்ள 192.168 வகை முகவரியைத்தான் அது புதுப்பிக்கும். வீட்டுக்குள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் குடிபோவது போன்றது அது, தெருவில் கதவு எண் மாறாது.

நான்காம் படி: ஐபிவி6 இருந்தால்

ஐபிவி6 முகவரியில் முதல் பாதி உங்கள் வீட்டைக் குறிக்கிறது, இரண்டாம் பாதி வீட்டுக்குள் இருக்கும் கருவியை. கைபேசிகளும் விண்டோஸும் இரண்டாம் பாதியைத் தாமாகவே அவ்வப்போது மாற்றிக்கொள்கின்றன. அதைப் பார்த்து முகவரி மாறிவிட்டது என்று எண்ண வேண்டாம். முதல் நான்கு தொகுதிகளை மட்டும் ஒப்பிடுங்கள். தளங்கள் தடை விதிக்கும்போதும் பெரும்பாலும் அந்த முதல் பாதியையே மொத்தமாகத் தடுக்கின்றன. மேலே சொன்ன துண்டித்து இணைக்கும் முறையில் அதுவும் மாறலாம், மாறாமலும் போகலாம். அவசரத்துக்கு ஒரு வழி உண்டு: ஐபிவி6 முகவரிதான் தடுக்கப்பட்டிருக்கிறது என்றால், ரவுட்டரில் ஐபிவி6ஐச் சிறிது நேரம் நிறுத்திவிட்டு ஐபிவி4 வழியாக வேலையை முடித்துக்கொண்டு, பிறகு திரும்ப இயக்குங்கள். நிரந்தரமாக நிறுத்தி வைப்பதை நான் ஏற்க மாட்டேன். ஒண்டுக்குடித்தனத்திலிருந்து நம்மை விடுவிக்கப் போகும் முறை அதுதான்.

ஐந்தாம் படி: நிறுவனத்திடம் கேட்பது

ஒண்டுக்குடித்தனத்தில் இருப்பவர்களும் துண்டித்து இணைத்துப் பார்க்கலாம். உள் முகவரி மாறும்போது, வெளியே தெரியும் பகிர்வு முகவரியும் மாற வாய்ப்புண்டு. அக்கா வீட்டில் நடந்தது இதுவே. மறுநாள் காலை ஊழியர் வந்து அழிந்துபோன அமைப்புகளை மீண்டும் இட்ட பிறகு பார்த்தேன், வான் முகவரி 100.70 என்று தொடங்கியது. இணைப்பு வகை பிபிபிஓஇ. முதல் இரண்டு முறை துண்டித்து இணைத்தபோது வெளி முகவரி அப்படியே இருந்தது. மூன்றாம் முறை கால் மணி நேரம் விட்டு இணைத்ததும் மாறியது. தளம் திறந்தது, அன்று மதியமே விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அவன் எந்தத் தவறும் செய்திருக்கவில்லை. அதே முகவரிக்குப் பின்னால் இருந்த வேறு யாரோ அந்தத் தளத்தைக் கணக்கின்றித் தட்டியிருக்க வேண்டும். ஒரு வீட்டார் செய்ததற்கு ஒண்டுக்குடித்தனம் முழுதும் வெளியே நிற்க வேண்டியிருக்கிறது. படிக்கும் பிள்ளைகளுக்கு இது நேரும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வலிக்கிறது.

இது அடிக்கடி நேர்ந்தால் தனிப் பொது முகவரி கேளுங்கள். வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து "நெட் சரியில்லை" என்றால் பெட்டியை அணைத்து எழுப்பச் சொல்லி வைத்துவிடுவார்கள். கேட்கும் முறை முக்கியம். "என் இணைப்பு சிஜிநாட்டில் இருக்கிறது. வான் முகவரி 100.70 என்று தொடங்குகிறது. எனக்குத் தனிப் பொது ஐபிவி4 முகவரி வேண்டும், நிலையானது தேவையில்லை" என்று சொல்லுங்கள். இந்தச் சொற்களைக் கேட்டால் பலர் தொழில்நுட்பப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். பகுதி கேபிள் ஆபரேட்டர் மூலம் வந்த இணைப்பு என்றால் முதலில் அவரிடமே பேசுங்கள். பல ஊர்களில் அவர் மேலே ஒரு வார்த்தை சொன்னால் அன்றே நடந்துவிடுகிறது. எழுத்தில் கேட்பது இன்னும் நல்லது. மின்னஞ்சலுக்கோ செயலியில் பதிந்த புகாருக்கோ எண் இருக்கும், அடுத்த முறை அதைச் சொல்லிப் பேசலாம்.

பணம் கட்டும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். கட்டணம் மாதத்துக்கா ஆண்டுக்கா, 18 விழுக்காடு ஜிஎஸ்டி அதில் சேர்ந்ததா? இப்போதைய திட்டத்திலேயே கிடைக்குமா, வணிகத் திட்டத்துக்கு மாற வேண்டுமா? வெளியிலிருந்து உள்ளே வரும் போர்ட்கள் (ஒவ்வொரு சேவைக்கும் எண்ணிட்ட நுழைவாயில்கள்) எவை அடைக்கப்பட்டிருக்கும்? வேண்டாம் என்றால் எப்போது நிறுத்தலாம்?

நிலையான முகவரி வாங்குவதற்கு முன் யோசியுங்கள். அடிக்கடி மாற்றிக்கொள்ள வேண்டும் என்பவருக்கு அது எதிரான பொருள், வாங்கியபின் ஒட்டிக்கொண்டே இருக்கும். சிசிடிவியை வெளியூரிலிருந்து பார்க்க, வீட்டில் சர்வர் வைக்க, அலுவலகம் குறிப்பிட்ட முகவரியை மட்டும் அனுமதிக்கும்போது அது பயன்படும். சிசிடிவிக்கு மட்டும் என்றால் மாறும் பொது முகவரியோடு டைனமிக் டிஎன்எஸ் சேவை (முகவரி மாறினாலும் ஒரே பெயரால் வீட்டு இணைப்பை அடைய உதவுவது) போதும். கேமரா நிறுவனத்தின் செயலி சிஜிநாட்டுக்குள்ளிருந்தும் வேலை செய்கிறது என்றால் அதுவும் தேவையில்லை.

பொது முகவரி கிடைத்தால் வீட்டுக் கருவிகளின் ஆரம்பக் கடவுச்சொற்களை அன்றே மாற்றிவிடுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் (கருவிக்குள் புகுந்து கேடு செய்யும் மென்பொருள்), கடையிலிருந்து வந்த கடவுச்சொல்லோடு அப்படியே விடப்பட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் (கேமரா படங்களைப் பதிவு செய்யும் பெட்டிகள்) ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அறுபதுக்கும் மேற்பட்ட வழக்கமான கடவுச்சொற்களின் பட்டியல் ஒன்றே அதற்குப் போதுமானதாக இருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தக் கருவிகளைக் கொண்டு நடத்திய தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே பல மணி நேரம் தடுமாறின. சிஜிநாட்டில் பல தொல்லைகள் இருந்தாலும் வெளியாள் நேராக வந்து கதவைத் தட்ட முடியாது என்ற பாதுகாப்பும் அதில் உண்டு. தனி முகவரி வாங்கும்போது அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது.

தனி முகவரியே தடைப்பட்டியலில் இருந்தால்

தனிப் பொது முகவரி இருந்தும் பல தளங்கள் ஒரே நேரத்தில் தடுத்தால், மாற்றும் முன் காரணத்தைத் தேடுங்கள். வீட்டில் ஏதாவது ஒரு கருவியில் தீநிரல் புகுந்து, உங்களுக்குத் தெரியாமல் எங்கெங்கோ செய்தி அனுப்பிக்கொண்டிருக்கலாம். மலிவான ஆண்ட்ராய்டு டிவி பெட்டியும் பழைய டிவிஆரும் என் முதல் சந்தேகங்கள். அதைச் சரிசெய்யாமல் முகவரியை மாற்றினால் புதியதும் சில நாள்களில் கெட்டுப்போகும். உங்கள் பழைய முகவரியைப் பெறும் அடுத்த வீட்டுக்காரரும் கஷ்டப்படுவார்.

தடைப்பட்டியல்களைப் பராமரிக்கும் ஸ்பாம்ஹவுஸ் தளத்தில் உங்கள் முகவரியை இட்டுப் பார்க்கலாம். அங்கே பிபிஎல் என்ற பட்டியலில் இருப்பதாக வந்தால் பதற வேண்டாம். நேரடியாக மின்னஞ்சல் அனுப்பத் தேவையில்லாத வீட்டு இணைப்புத் தொகுதிகளைக் கொள்கையாகவே அதில் சேர்த்து வைத்திருக்கிறார்கள், அது குற்றப் பட்டியல் அல்ல. தீநிரல் புகுந்த கருவிகளின் முகவரிகளைச் சேர்க்கும் எக்ஸ்பிஎல் பட்டியலில் வந்தால்தான் வீட்டுக் கருவிகளைச் சோதிக்க வேண்டும்.

மிரட்டலுக்குப் பயந்து மாற்ற நினைப்பவர்களுக்கு

இதற்காக என்னிடம் வந்தவர்களில் சிலர் பெண் பிள்ளைகள். விளையாட்டிலோ அரட்டையிலோ அறிமுகமான ஒருவன் "உன் ஐபி முகவரி என்னிடம் இருக்கிறது, வீட்டைக் கண்டுபிடித்துவிடுவேன்" என்று மிரட்டியிருப்பான். அவனால் அந்த எண்ணிலிருந்து சேவை நிறுவனத்தின் பெயரையும் தோராயமாக ஓர் ஊரையும்தான் அறிய முடியும், ஊர்கூடத் தவறாக இருக்கலாம் என்பதை மேலே பார்த்தோம். எந்த நேரத்தில் எந்த வீட்டுக்கு எந்த முகவரி இருந்தது என்ற பதிவு நிறுவனத்திடம் மட்டுமே இருக்கிறது. அதைச் சட்டப்படி கேட்கும் அதிகாரம் விசாரணை அமைப்புகளுக்கு உண்டு, தெருவில் போகிறவனுக்கு இல்லை. மன நிம்மதிக்காக முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் மிரட்டலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள். வீட்டில் பெரியவர் ஒருவரிடமும் சொல்லுங்கள்.

அதே காரணத்தால், தவறு செய்துவிட்டு முகவரியை மாற்றித் தப்பலாம் என்பதும் நடக்காது. இந்தியாவில் சேவை நிறுவனங்கள் இந்தப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம விதியைத் திருத்தினார்கள். விபிஎன் பற்றியும் கேட்பார்கள். அது வெளியே வேறொரு முகவரியைக் காட்டும், உங்கள் இணைப்பின் முகவரியை மாற்றாது. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்ட பிறகு, சில பெரிய நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன. தேர்வு, வங்கி, அரசுத் தளங்களில் விபிஎன் வழியாக நுழைந்தால் அதற்காகவே தடுக்கப்படும் வாய்ப்பும் இருக்கிறது. இலவச விபிஎன்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

மாறிய பிறகு

புதிய முகவரியைத் தேடுபொறியில் பார்த்து, தாளில் பழையதற்குக் கீழே தேதியோடு எழுதுங்கள். முதலில் தடுத்த தளத்தைப் புதிய பிரவுசர் சாளரத்தில் திறந்து பாருங்கள். வங்கிச் செயலிகளும் மின்னஞ்சலும் அன்று மறுபடி ஓடிபி கேட்டால் அது இயல்பு. அலுவலகத்தில் பழைய முகவரியை அனுமதிப் பட்டியலில் சேர்த்திருந்தால் புதியதைச் சொல்லுங்கள். டைனமிக் டிஎன்எஸ் வைத்திருப்பவர்கள் பெயர் புதிய எண்ணைச் சுட்டுகிறதா என்று பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். மேக் முகவரியை மாற்றியிருந்தால், ரவுட்டர் மென்பொருள் புதுப்பிக்கப்படும்போது பழையது திரும்பி வரலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

அக்கா வீட்டில் இப்போது ரவுட்டருக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பயனர் பெயர், விலேன் எண், பழைய முகவரி, புதிய முகவரி, ஊழியர் வந்த தேதி எல்லாம் அவன் கையெழுத்தில் இருக்கின்றன. கடவுச்சொல் மட்டும் அக்காவின் கணக்கு நோட்டில் இருக்கிறது. ரவுட்டரின் ஊசித் துளையை ஒரு துண்டு பிளாஸ்திரியால் அவனே மூடி வைத்திருக்கிறான்.